“சிரிக்கத்தானே சொன்னேன், இதுக்கும் கேஸா?”

(கடிதம் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 29 வயது இளைஞர் எழுதியிருக்கிறார். பகலில் செல்போன் கடை. திருவிழாக் காலத்தில் ஆடலும் பாடலும் குழுவில் தொகுப்பாளர், மிமிக்ரியும் செய்வார். இந்தப் பங்குனியில் சொந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவிலேயே மேடை கிடைத்திருக்கிறது. அன்று அவர் சொன்ன மூன்று நகைச்சுவைகள் இப்போது பிரச்சினையாகிவிட்டன.

முதலாவது, ஊருக்கே தண்ணீர் வராத நாளிலும் கவுன்சிலர் வீட்டுத் தொட்டி மட்டும் நிரம்பி வழிவதைப் பற்றியது. அடுத்து, சௌராஷ்டிரக் குடும்பங்கள் தமிழ் பேசும் விதத்தை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டியிருக்கிறார். மூன்றாவதுதான் கடிதத்தின் பெரும்பகுதி. கூட்டத்துக்குப் பின்னால் ரோட்டோரமாக நின்றிருந்த காலனிப் பையன்களைக் கைகாட்டி, “என்னப்பா இது, நாம போன வருசம் தூக்கிப் போட்ட சட்டையெல்லாம் அங்க வரிசையா நிக்குது!” என்று சொல்லியிருக்கிறார். விசில் பறந்திருக்கிறது.

நிகழ்ச்சி முழுவதையும் நண்பர் ஒருவர் தன் போனில் எடுத்திருக்கிறார். அதில் 18 விநாடியை மட்டும் யாரோ வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட, அது சுற்றுப்பட்டு ஊரெல்லாம் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாப்பில் பிளஸ் டூ படிக்கும் காலனிப் பையன் ஒருவனை நாலைந்து பேர் வழிமறித்து, “டேய், பழைய சட்டை” என்று காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பட்டன் தெறித்துவிட்டது. அன்று சாயங்காலம் பையனின் அப்பா இவர் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. சட்டையையும் பில்லையும் கண்ணாடி மேசைமேல் வைத்து, “தம்பி, இது மதுரை விளக்குத்தூண்ல எடுத்தது. 650 ரூவா. திருவிழாவுக்குன்னு எடுத்தேன்” என்றார். பிறகு சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது. கவுன்சிலரும் தன் பங்குக்கு மானநஷ்ட வழக்கு போடுவேன் என்கிறார்.

வாசகர் கேட்பது இது: “நான் சாதிப் பேரையே சொல்லலை. எல்லாரையும்தான் கலாய்ச்சேன், எங்க ஆளுகளையும் சேத்து. அந்தப் பையங்களே சிரிச்சாங்க. பயந்துபோய் என் போன்ல இருந்த வீடியோவை அழிச்சுட்டேன். பி.சி.ஆர். கேஸ்னா ஜாமீனே கிடையாதுங்கிறாங்க. ஊர்ப் பெரியவங்களை விட்டுப் பேசி வாபஸ் வாங்க வைக்கலாமா? நகைச்சுவைக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் நடுவுல கோடு எங்கம்மா இருக்கு? இனிமே மேடையில வாயே திறக்கக் கூடாதா?”

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அந்தச் சட்டையும் பில்லும்தான். அதை எழுதாமலே நீங்கள் கேள்வி கேட்டிருக்க முடியும். பில்லில் இருந்த தொகை வரைக்கும் நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் சொன்னது உங்களுக்கு உறைத்திருக்கிறது. அதனால் சட்டத்தையும் மற்றதையும் மறைக்காமல் பேசுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டத்தில் ‘வெறுப்புப் பேச்சு’ என்ற பெயரில் தனியாக வரையறுத்த குற்றம் இல்லை. அதற்கென்று புதிய பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 2017 மார்ச்சில் 267-வது அறிக்கையைக் கொடுத்தது. இன்றும் வழக்குகள் வெவ்வேறு பிரிவுகளில்தான் பதிவாகின்றன. ஆகவே நீங்கள் கேட்ட கோடு ஒரே இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கவில்லை. உங்கள் மூன்று நகைச்சுவைகளையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கவுன்சிலரும் தண்ணீர்த் தொட்டியும்

இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதவியில் இருப்பவரின் பொது நடத்தையைக் கிண்டல் செய்வது அரசியல் சட்டம் 19(1)(அ) தரும் பேச்சுரிமையின் நடு முற்றம். நம் பக்கத்திலேயே நடந்த வழக்கைச் சொல்கிறேன். ஓர் இடதுசாரிக் கட்சிக்காரர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனார். அந்தப் படங்களைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி போலீசார் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு வழக்குப் பதிந்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. சிரிப்பதையும் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்கிற அளவுக்கு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எழுதினார். அதே தீர்ப்பில், வேடிக்கையாக இருப்பது வேறு, இன்னொருவரைக் கேலிப்பொருளாக்குவது வேறு என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2025 மார்ச்சில் ஒரு கவிதை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் பேசியது. தொட்டதற்கெல்லாம் புண்படுகிறவரின் அளவுகோலை வைத்துப் பேச்சை எடை போடக்கூடாது, நிதானமும் மனத்திடமும் உள்ளவரின் அளவுகோலை வைக்க வேண்டும் என்றது. கவுன்சிலர் தாராளமாக வழக்கு போடட்டும். தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்ததா இல்லையா என்பதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

சௌராஷ்டிரத் தமிழ்

இதில் வழக்கு வராது என்றே நினைக்கிறேன். ஒரு சமூகத்தின் பேச்சு வழக்கைப் பேசிக் காட்டியது எரிச்சல் தரலாம். அதைக் கேட்டு அவர்கள்மேல் யாருக்கும் பகை வரப்போவதில்லை. இரு பிரிவினரிடையே பகையை வளர்ப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 196-வது பிரிவுக்கு (பழைய இ.பி.கோ. 153-ஏ) அப்படி வளர்க்கும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். மதுரை மகால் பக்கம் வாழும் என் சௌராஷ்டிரச் சிநேகிதி ஒருத்தி இதைவிட நன்றாக அவள் பாட்டியைப் பேசிக் காட்டுவாள். அவள் பேசும்போது பாட்டியின்மேல் இருக்கும் பிரியமும் சேர்ந்து கேட்கும். உங்கள் மேடையில் அது கேட்டதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். குற்றம் இல்லை என்பதாலேயே ஒன்று நல்ல நகைச்சுவை ஆகிவிடாது. அதை இதோடு விடுகிறேன், ஏனென்றால் நாம் பேச வேண்டியது மூன்றாவதைப் பற்றி.

பழைய சட்டை

“சாதிப் பேரையே சொல்லலை” என்கிறீர்கள். உங்கள் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். தம்பி, அது பாதி மட்டுமே சரி. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு 3(1)(எஸ்) என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குப் பெயர் வேண்டும். அதன் பக்கத்திலேயே இருக்கும் 3(1)(ஆர்) பிரிவுக்குப் பெயர் வேண்டாம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை, பொதுமக்கள் பார்வை படும் இடத்தில், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தாலே போதும். அடுத்து 3(1)(யு) இருக்கிறது. சொல்லாலோ செய்கையாலோ பட்டியல் சாதியினர்மீது பகையையும் வெறுப்பையும் வளர்க்க முயல்வது அதில் வரும். இவை எல்லாவற்றுக்கும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஊரில் காலனி என்றால் யார் என்று கூட்டத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் கைநீட்டிக் காட்டியபோது பெயரைச் சொல்லும் வேலையை உங்கள் விரல் செய்துவிட்டது.

உங்கள் பக்கம் வாதிட என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை அவமதித்தாலே இந்தச் சட்டம் பாய்ந்துவிடாது, அவருடைய சாதியின் காரணமாக அவரை இழிவுபடுத்தும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று 2020-லும் 2024-லும் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார். அப்போது எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: திருவிழாவுக்கு அத்தனை பேர் சட்டை போட்டு வந்திருந்தார்களே, அந்தப் பையன்களின் சட்டை மட்டும் ஏன் நீங்கள் தூக்கிப் போட்டதாக இருக்க வேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அந்த வரி ஏன் சிரிப்பு மூட்டியது என்று யோசித்துப் பார்த்தீர்களா? அதற்குள் பழைய சேதி ஒன்று இருக்கிறது. 1930 டிசம்பரில், நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக்கூடாது. பெண்கள் மேலாடை போடவும் தடை. இன்று உயிரோடு இருக்கும் சில கிழவர்களின் அப்பாக்கள் அந்தத் தடைக்குக் கீழே வாழ்ந்தவர்கள். சட்டை போடும் உரிமைக்கே அடிபட்ட வம்சத்துப் பையன் கூலிக்காசில் வாங்கிய புதுச் சட்டையோடு திருவிழாவுக்கு வந்து நிற்கிறான். அது நாங்கள் போட்ட பிச்சை என்று மைக்கில் ஒரு குரல் சொல்கிறது. இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்காது, நம்புகிறேன். விசில் அடித்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. தெரியாமலே எல்லாருக்கும் உடனே புரிந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது.

“அந்தப் பையங்களே சிரிச்சாங்க” என்பதற்கு வருகிறேன். ராத்திரி பதினொரு மணி. ஊரே திரும்பிப் பார்க்கிறது. ரோட்டோரம் நிற்கும் ஏழெட்டுப் பையன்கள் முறைத்தால் கலவரம், அழுதால் இன்னும் கேலி, விலகிப் போனால் “ரோசத்தைப் பாரு”. சிரிப்பதைத் தவிர அவர்களுக்கு அன்று என்ன வழி இருந்தது? எந்த நீதிமன்றமும் அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள்.

“எல்லாரையும்தான் கலாய்ச்சேன்” என்பதும் உதவாது. 2020 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நெறியாளர் தொடர்பான வழக்கில், பேசியவர் யார், என்ன பேசினார், எந்தச் சூழலில் பேசினார் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் சொந்தக்காரர்களை நீங்கள் கிண்டலடித்தீர்கள், மறுநாள் அவர்கள் அதே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கவுன்சிலர் காரில் போனார். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் சட்டைப் பட்டன் தெறித்தது ஒருவனுக்கு மட்டும். நான் கோட்டைத் தேடும் இடம் இதுதான். சொல் எவ்வளவு காரமானது என்பதை நான் அளப்பதில்லை. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே கீழே நிறுத்தி, இவர்களை இப்படி நடத்தலாம் என்று மற்றவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்ததா என்று பார்ப்பேன். மாற்றுத் திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி 2024 ஜூலையில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பிரித்தது. குறைபாட்டோடு வாழ்வதை நமக்குப் புரிய வைக்கும் நகைச்சுவை ஒன்று, குறைபாடுள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை இன்னொன்று.

கேலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் பார்த்த கொடூரமான உதாரணம் ருவாண்டா. 1993-ல் தொடங்கிய தனியார் வானொலி ஒன்று பாட்டும் நையாண்டியுமாகத்தான் இளைஞர்களை இழுத்தது. டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றது. கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, 1994-ல் அதே குரல் கொலைக்கு ஆள் சொன்னபோது அது அந்நியமாகப் படவில்லை. அதை நடத்தியவர்களை 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. உங்கள் மேடையை அதோடு சமமாக வைக்கவில்லை, தம்பி. ஒரு பட்டப்பெயர் ஒருவரின் வாயிலிருந்து பலரின் கைக்குப் போகும் பாதை எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் அதற்கு மூன்று நாள்தான் ஆனது.

இப்போது செய்ய வேண்டியவை

புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மனு ரசீதோடு நிற்கிறதா, முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டதா? நீங்கள் பி.சி.ஆர். என்று சொல்வது 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர். ஊர்வழக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று பாய்வது 1989-ம் ஆண்டுச் சட்டம். அதன் 18-வது பிரிவின்படி முன்ஜாமீன் கிடையாது. முதல் பார்வையிலேயே குற்றம் தெரியவில்லை என்றால் மட்டும் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம். உங்கள் வழக்கில் அதை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் ‘ஜாமீனே கிடையாது’ என்பது தவறு. வழக்கமான ஜாமீன் கேட்கலாம். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் தரப்பையும் கேட்பார்கள், அது அவர்களுடைய உரிமை. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் நோட்டீஸ் கொடுத்து அழைத்து விசாரிக்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாமல் வழக்கறிஞரோடு போய் நில்லுங்கள்.

வீடியோவை அழித்தது தப்பு. சாட்சியத்தை மறைத்ததாக அதுவே தனி வழக்காகலாம். பொதுவெளியிலிருந்து எடுப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. முழு நிகழ்ச்சியும் நண்பரின் போனில் இருக்கிறது அல்லவா? அதைத் தொடாமல் அப்படியே பாதுகாக்கச் சொல்லுங்கள். பாட்டைச் சேர்த்தது நீங்கள் இல்லை என்று காட்ட உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

ஸ்டேட்டஸில் போட்டவர்களும் பரப்பியவர்களும் தப்பித்துவிட மாட்டார்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு ஒன்றைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்று எஸ்.வி.சேகர் சொன்ன வாதத்தை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பகிர்ந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்றது. திருவிழாக் கமிட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆடலும் பாடலும் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது, சாதி, மதம், கட்சி பற்றிய பாட்டோ பேச்சோ கூடாது என்று நிபந்தனை போடுவது மதுரை அமர்வின் வழக்கம். அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களை அனுப்பவே கூடாது. நான்கு வேட்டிகள் காலனிக்குள் நுழைந்து “பெருசா எடுத்துக்காதப்பா” என்று சொன்னால் அதற்கு அங்கே என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15-ஏ பிரிவு இருக்கிறது. சமரசத்தை நாடிப் போய் இரண்டாவது வழக்கை வாங்கி வராதீர்கள். மேலும், இந்த வழக்கு புகார்தாரர் வாபஸ் என்று சொன்னதும் மறைந்துவிடுகிற வகையும் இல்லை. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும், அதுவும் அந்தச் சம்மதம் மனதார வந்ததா என்று பார்த்த பிறகு.

மன்னிப்பு கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆபத்தைச் சொல்லித்தான் ஆமாம் என்றிருப்பேன். எழுதியோ வீடியோவிலோ கேட்கும் மன்னிப்பை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். அதனால் உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றாலும் நான் ஒன்று சொல்வேன்: எந்த மேடையில் சொன்னீர்களோ அதே அளவு கூட்டத்துக்குக் கேட்கும்படி அந்த மன்னிப்பு இருக்க வேண்டும். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்று தொடங்கக் கூடாது. யார் மனம் புண்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், அவர் உங்கள் கடைக்கே வந்தார். அவரைத் தனியாகப் பார்க்கப் போவதானால் அவர் சம்மதம் கேட்டுக்கொண்டு போங்கள். கேமரா வேண்டாம். அவர் பார்க்க மறுத்தால் அது அவர் உரிமை, திரும்பி வந்துவிடுங்கள்.

இனி மேடையில் வாயைத் திறக்கலாமா? திறங்கள். நம் ஊர் வள்ளித் திருமண நாடகத்தில் பபூன் வந்தால் விடிய விடிய ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர் நாட்டாமையையும் ஆர்மோனியக்காரரையும் தன் பெண்டாட்டியிடம் தான் வாங்கிய அடியையும் சொல்லித்தான் அவர்கள் சிரிக்க வைத்தார்கள். உங்கள் தண்ணீர்த் தொட்டி நகைச்சுவை அந்த வகை. அதில் உங்களுக்குத் திறமை இருக்கிறது, அதைக் கவுன்சிலரே கோபப்பட்டுச் சாட்சி சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சியை எடுத்தது நண்பரின் போன் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமும் ஒரு பிரதி இருந்திருக்கிறது, அதை நீங்கள் அழித்திருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே ‘யாரோ’ 18 விநாடியை வெட்டிப் போட்டார்கள் என்கிறீர்கள். விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி. கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்த வீடியோ யார் யாரிடம் இருந்தது என்பதாகத்தான் இருக்கும். அந்த ‘யாரோ’ யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், நாளைக்கே உங்கள் வழக்கறிஞரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.